பொய்யென்று சொல்லிவரும் நோட்டு

(வடக்குப்பட்டு பொங்கல் விழா மேடையில் நடந்து, தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பட்டிமன்றம். தலைப்பு: ‘திரையும் சின்னத்திரையும் மக்களுக்குத் தருவது ஏமாற்றமே? எச்சரிக்கையே?’ ‘எச்சரிக்கையே’ அணியில் மூன்றாவதாகப் பேசியது.)

நடுவர் அவர்களே, இவ்வளவு நேரம் சினிமாவை அடித்துத் துவைத்துக் கொடியிலே காயப்போட்ட எதிரணி நண்பர்களே, கரும்பைக் கடித்துக்கொண்டே எங்களையும் கடிக்கக் காத்திருக்கும் வடக்குப்பட்டுப் பெருமக்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னாடி பேசின அம்மா ஒரு குண்டு போட்டுட்டுப் போனாங்க. “சினிமாவுல எல்லாமே பொய். மழை பொய், ரத்தம் பொய், ஹீரோ வாரி இறைக்கிற நோட்டுக்கட்டும் பொய். பொய்ப் பணத்தைக் காட்டி நம்ம நிஜப் பணத்தை டிக்கெட்டா வாங்கிக்கறான்” அப்படின்னாங்க. நீங்க கை தட்டினீங்க. நானும் தட்டினேன். நல்லா பேசினா எதிரணியா இருந்தாலும் தட்டணும் இல்லையா? ஆனா ஒரு திருத்தம். மழையைப் பத்தி எனக்குத் தெரியாது. ரத்தத்தைப் பத்தித் தெரியாது. நோட்டைப் பத்தி என்கிட்ட பேசக்கூடாது! ஏன்னா நான் 31 வருஷம் வங்கியிலே காசாளரா உட்கார்ந்து எழுந்தவன். என் பணமா ஒரு லட்சத்தை மொத்தமாப் பார்த்ததில்ல. அடுத்தவங்க பணமா கோடிக்கணக்கிலே எண்ணியிருக்கேன். (சிரிப்பு)

அதனால இன்னைக்கு நான் பேசப்போறது ஒரே ஒரு பொருளைப் பத்தி. சினிமாவுக்காக அடிக்கிற டம்மி நோட்டு. எதிரணி சொல்ற ஏமாற்றம் அதுல எங்கே இருக்கு, நான் சொல்ற எச்சரிக்கை எங்கே இருக்குன்னு எண்ணிப் பார்த்துடுவோம். எண்றதுதான் என் தொழில்.

முதல்ல டம்மி நோட்டு ஏன் வேணும்? 1997-ல ரஜினிகாந்த் நடிச்ச ‘அருணாச்சலம்’ வந்தது. 30 நாளிலே 30 கோடி ரூபாயைச் செலவு பண்ணணும், அதுதான் கதை. படம் பார்த்தவங்க எல்லாம் ‘எப்படிச் செலவு பண்ணுவாரு’ன்னு பார்த்தாங்க. நான் மட்டும் ‘எப்படி எண்ணியிருப்பாங்க’ன்னு பார்த்தேன். (சிரிப்பு) அப்ப 1000 ரூபாய் நோட்டு புழக்கத்துல இல்ல. அது 2000-ஆம் வருஷந்தான் திரும்ப வந்தது. பெரிய நோட்டு 500 தான். 30 கோடின்னா 6 லட்சம் நோட்டு. நூறு நூறாக் கட்டினா 6,000 கட்டு. ஒரு நோட்டு ஏறக்குறைய ஒரு கிராம்னு வச்சுக்கிட்டாக் கூட 600 கிலோ! எந்தத் தயாரிப்பாளர் இதைப் பணமாக் கொண்டுவந்து செட்டிலே கொட்டுவார்? கொட்டினா அந்தப் பணத்துக்கு வட்டி யார் கட்டுவா? காவலுக்கு யார் நிப்பா? காவலுக்கு நிக்கிறவனுக்கு யார் காவல்? அதனாலதான் டம்மி.

அந்த டம்மியிலயும் ரெண்டு ஜாதி உண்டு. தூரத்திலிருந்து காட்டற கட்டுன்னா மேலே ஒரு நோட்டு, கீழே ஒரு நோட்டு, நடுவிலே நோட்டு அளவுக்கு வெட்டின வெள்ளைத்தாள். கலை இயக்குநரோட உதவியாளர் அதைக் கட்டி அடுக்கிடுவார். ஆனா வில்லன் சீட்டுக்கட்டு மாதிரி விரலால விசிறிப் பார்க்கணும்னாலோ, மாடியிலிருந்து நோட்டுமழை பொழியணும்னாலோ வெள்ளைத்தாள் உதவாது. ஒவ்வொரு தாளும் ரெண்டு பக்கமும் நோட்டு மாதிரி இருக்கணும். அங்கேதான் ஆபத்து ஆரம்பிக்குது. கேமராவுக்கு நிஜமாத் தெரியணும், கையில எடுத்தா பொய்யின்னு தெரியணும். இந்த ரெண்டுக்கும் நடுவுல கயித்து மேல நடக்கிற வித்தை அது.

இந்த வித்தை நமக்கு மட்டும் இல்ல. ஹாலிவுட்டுக்காரங்க ஆரம்ப காலத்துல ரொம்ப சுலபமா ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. மெக்சிகோவிலே 1910-லிருந்து புரட்சி நடந்தது. ஆளாளுக்கு நோட்டு அடிச்சாங்க. புரட்சி முடிஞ்சதும் அதெல்லாம் செல்லாக்காசு. மூட்டை மூட்டையா மலிவாக் கிடைச்ச அந்த நோட்டுகளைத்தான் அந்தக் காலத்து அமெரிக்க ஊமைப்படங்கள்ல டாலருக்குப் பதிலாக் காட்டினாங்க. ஒரு நாட்டோட செத்துப்போன பணம், இன்னொரு நாட்டு சினிமாவிலே நடிகனாயிடுச்சு!

அப்புறம் நல்லா அச்சடிக்கக் கத்துக்கிட்டாங்க. கத்துக்கிட்டதும் மாட்டிக்கிட்டாங்க. ஜாக்கி சான் நடிச்ச ‘ரஷ் அவர் 2’, 2001-ல வந்த படம். லாஸ் வேகாஸ்ல ஒரு வெடி விபத்துக் காட்சி. நோட்டெல்லாம் வானத்துல பறக்கணும். பறந்தது. பறந்த நோட்டைக் கூடியிருந்த ஜனங்க பொறுக்கி, கடையில கொண்டுபோய் நீட்டிட்டாங்க! அந்த நாட்டிலே கள்ள நோட்டைக் கண்காணிக்கிற சீக்ரெட் சர்வீஸ்காரங்க வந்து, நோட்டைக் கைப்பற்றி, அச்சடிச்ச கம்பெனியைக் கூப்பிட்டு, மிச்சம் இருந்ததையும் அழிச்சிடுன்னு சொல்லிட்டாங்க. நோட்டிலே சினிமாவுக்காக அடிச்சதுன்னு எழுதித்தான் இருந்தது. யார் படிச்சா?

அமெரிக்கச் சட்டம் இதுல தெளிவா இருக்கு. 1992-ல ஒரு சட்டம் போட்டாங்க. கலர்ல டாலர் படம் அடிக்கணுமா, அடிச்சுக்கோ. ஆனா நிஜ நோட்டுல முக்கால் அளவுக்குச் சின்னதா இருக்கணும், இல்ல ஒன்றரை மடங்குக்குப் பெரிசா இருக்கணும். ஒரு பக்கம் மட்டுந்தான் அடிக்கணும். வேலை முடிஞ்சதும் அச்சுத் தகட்டை அழிச்சிடணும்.

சரி, நம்ம நாட்டுச் சட்டம் என்ன சொல்லுது? நடுவர் அவர்களே, இதைக் கொஞ்சம் கவனிச்சுக் கேளுங்க. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்தாச்சு. அதுல 178-ஆவது பிரிவு கள்ள நோட்டு அடிக்கிறவனுக்கு. ஆயுள் தண்டனை வரைக்கும் போகும். 179, தெரிஞ்சே அதை நல்ல நோட்டா மாத்தறவனுக்கு. அதுக்கும் ஆயுள் வரைக்கும் உண்டு. 180, நல்ல நோட்டுன்னு தள்ளிவிடறதுக்காகத் தெரிஞ்சே வச்சிருக்கிறவனுக்கு. 7 வருஷம் வரைக்கும். கடுமைதான்.

ஆனா 182-ன்னு ஒண்ணு இருக்கு. அது கள்ள நோட்டைப் பத்தி இல்ல. நோட்டு மாதிரி இருக்கிற தாளைப் பத்தி. எந்த நோக்கத்துக்காக இருந்தாலும் சரி, பார்த்தா நோட்டு மாதிரியே இருக்கிற தாளை அடிச்சா, பயன்படுத்தினா, இன்னொருத்தர்கிட்ட கொடுத்தா குற்றம். தண்டனை என்ன தெரியுமா? அபராதம். எவ்வளவு? அதிகபட்சம் 300 ரூபாய்! (சிரிப்பு) பழைய சட்டத்துல 489-இ பிரிவு, அதுல 100 ரூபாய். இப்ப விலைவாசி ஏறினதால 300 ஆக்கியிருக்காங்க. 500 ரூபாய் நோட்டு மாதிரி ஒரு தாள் அடிச்சா, அபராதம் அந்த நோட்டோட மதிப்புகூட இல்ல. பாக்கி 200 ரூபாய் சில்லறை கேப்பான் போலிருக்கே! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

இப்ப எதிரணி கேட்பாங்க. “அதைத்தானய்யா நாங்களும் சொல்றோம். சட்டத்துல ஓட்டை, அதுல சினிமா நோட்டு புகுந்து வருது, மக்கள் ஏமாறறாங்க.” ஏமாறறாங்க, ஒத்துக்கறேன். எப்படி ஏமாறறாங்கன்னு மூணு கதை சொல்றேன். மூணும் பேப்பர்ல வந்தது.

முதல் கதை. 2017 பிப்ரவரி. டெல்லி சங்கம் விஹார். ஒருத்தர் ஏ.டி.எம்.மில 8,000 ரூபாய் எடுக்கிறார். நாலு 2000 ரூபாய் நோட்டு வருது. புதுசு, மொடமொடன்னு இருக்கு. உத்துப் பார்த்தா ‘சில்ட்ரன் பேங்க் ஆஃப் இந்தியா’ன்னு இருக்கு. குழந்தைகள் வங்கி! மத்திய அரசு உத்தரவாதம்னு இருக்க வேண்டிய இடத்துல, குழந்தைகள் அரசு உத்தரவாதம்னு இருக்கு. இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? உள்ளே வச்சதை அது வெளியே தள்ளுது. பின்னாடி, இயந்திரத்துல பணம் நிரப்பற வேலையில இருந்த ஒருத்தரைப் போலீஸ் கைது பண்ணினாங்க.

ரெண்டாவது கதை. 2022 செப்டம்பர். குஜராத், சூரத் பக்கம் காம்ரேஜ். போலீஸ் ஒரு ஆம்புலன்ஸை நிறுத்தறாங்க. உள்ளே நோயாளி இல்ல. பெட்டி பெட்டியா 2000 ரூபாய் நோட்டு. முகமதிப்பு 25 கோடியே 80 லட்சம்! அதுல என்ன அச்சடிச்சிருக்கு? ‘ரிவர்ஸ் பேங்க் ஆஃப் இந்தியா’. ரிசர்வ் இல்லைங்க, ரிவர்ஸ். பின்னாடி போற பேங்க்! கூடவே ‘சினிமா படப்பிடிப்புக்காக மட்டும்’னு ஆங்கிலத்துல ஒரு வரி.

மூணாவது, 2024 செப்டம்பர். அகமதாபாத்ல ஒரு நகை வியாபாரி 2,100 கிராம் தங்கம் விக்கறார். பேசின விலை 1 கோடியே 60 லட்சம். வந்தவங்க 1 கோடியே 30 லட்சத்தைக் கட்டுக்கட்டாக் கொடுத்துட்டு, பாக்கி இதோ கொண்டுவர்றோம்னு தங்கத்தோட போயிட்டாங்க. கட்டைப் பிரிச்சா 500 ரூபாய் நோட்டுல காந்திக்குப் பதிலா நடிகர் அனுபம் கெர் சிரிக்கிறார்! வங்கிப் பேரு ‘ரிசோல் பேங்க் ஆஃப் இந்தியா’. ரிசோல்னா செருப்புக்கு அடித்தோல் மாத்தறது. அனுபம் கெரே அந்தச் செய்தியைப் போட்டு, எதுவும் நடக்கும்னு ஆச்சரியப்பட்டார்.

இந்த மூணு கதையிலயும் ஒரு பொதுவான விஷயம் பாருங்க. எந்த நோட்டும் தன்னை நல்ல நோட்டுன்னு சொல்லிக்கவே இல்ல. குழந்தைகள் வங்கின்னு சொல்லுது, ரிவர்ஸ்னு சொல்லுது, ரிசோல்னு சொல்லுது. நெத்தியிலே ‘நான் பொய்’னு எழுதி ஒட்டிக்கிட்டு வருது. கள்ள நோட்டு அப்படிச் சொல்லுமா? அது உயிரே போனாலும் நான் நல்லவன்னுதான் சொல்லும். சினிமா நோட்டு கடைசி வரைக்கும் உண்மை பேசுது. நாமதான் நோட்டைப் படிக்கிறதில்ல, கலரைப் பார்க்கிறோம். வாங்கறோம், மடிக்கிறோம், பையில போடறோம். பணத்தை எண்ணத் தெரிஞ்ச அளவுக்கு நமக்குப் படிக்கத் தெரியல. அதைச் சொல்லிக் கொடுக்குது சினிமா. அதனால எச்சரிக்கையே! (கைதட்டல்)

இருங்க, இருங்க. கை தட்டாதீங்க. இதோட உட்கார்ந்துட்டா எனக்கும் நல்லது, என் அணிக்கும் நல்லது. ஆனா மனசாட்சின்னு ஒண்ணு இருக்கு. இந்த ஊர் மேடையில நின்னுக்கிட்டு, இந்தப் பக்கத்துல நடந்ததை மறைச்சுட்டுப் போக முடியல.

நான் கடைசியா வேலை பார்த்தது இந்த ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஒரு கிளையிலேதான். ஓய்வு பெறுறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி. காலையில கவுன்ட்டர் திறந்த உடனே ஒரு அம்மா வந்தாங்க. அறுபது வயசுக்கு மேல இருக்கும். கம்பெனி பஸ் நிக்கிற இடத்துல விடியற்காலையில ஷிப்டுக்குப் போற பிள்ளைகளுக்கு இட்லி விக்கிறவங்க. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு 500 ரூபாய் நோட்டை நீட்டினாங்க. “சார், இது இன்னா சார்? மளிகைக் கடைக்காரரு வாங்க மாட்டேங்கறாரு. நல்ல நோட்டுதானே?”

கையில வாங்கின உடனே தெரிஞ்சு போச்சு. தாள் வழவழன்னு, கல்யாணப் பத்திரிகை மாதிரி. காந்தி படத்துக்குப் பக்கத்துல பொடி எழுத்துல, ஷூட்டிங்குக்கு மட்டும்னு ஆங்கிலத்துல போட்டிருக்கு. நான் என் பாணியில பாடம் நடத்தினேன். “ஆயா, இது சினிமாவுக்கு அடிச்சது. இதோ எழுதியிருக்கு பாரு. இது கள்ள நோட்டுகூட இல்ல, வெறும் காகிதம். வங்கியில எடுத்துக்க முடியாது. எழுதித்தானே இருக்கு, வாங்கறப்பப் பார்த்திருக்கலாமே?”

அந்த அம்மா என்னைப் பார்த்தாங்க. கோபப்படல. மெதுவாச் சொன்னாங்க. “எழுதியிருக்குன்றியே சார், எனக்குத் தெரியற மாதிரி எழுதலையே.”

நடுவர் அவர்களே, 31 வருஷத்துல என்னை எத்தனையோ பேர் திட்டியிருக்காங்க. ஒரு வார்த்தையும் இந்த மாதிரி உள்ளே போகல. 500 ரூபாய். அரிசி, உளுந்து, விறகு, மூணு மணிக்கு எழுந்த தூக்கம், எல்லாம் சேர்ந்த 500. இருட்டுல, பஸ் ஹாரன் அடிக்கிற அவசரத்துல, அஞ்சு இட்லி வாங்கிட்டு ஒருத்தன் நீட்டினான், மீதியும் வாங்கிட்டுப் போனான். இட்லியும் போச்சு, மீதிக் காசும் போச்சு. “அவனும் பேண்ட்டு சட்டை போட்ட புள்ளைதான் சார், பார்த்தா அப்படித் தெரியல”ன்னாங்க.

எதிரணிக்கு நான் இங்கே தலை வணங்கறேன். ஆங்கிலத்துல எழுதின எச்சரிக்கை, ஆங்கிலம் படிச்சவனுக்குத்தான் எச்சரிக்கை. படிக்காதவங்களுக்கு அது வெறும் கோலம். இதை ஒத்துக்காம நான் ஜெயிக்க விரும்பல. (கைதட்டல்)

ஆனா அன்னைக்கு நான் அதோட விடல. கவுன்ட்டரை விட்டு வெளியே வந்து அந்த அம்மா பக்கத்துல உட்கார்ந்தேன். ஒரு நல்ல 500 ரூபாய் நோட்டைக் கையில கொடுத்தேன். “ஆயா, கண்ணை மூடிக்கோ. விரலால தடவு”ன்னேன். அதைத்தான் இப்ப உங்களுக்கும் சொல்லப்போறேன். பையில 500 ரூபாய் இருக்கிறவங்க எடுங்க. இல்லாதவங்க பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட வாங்குங்க, திருப்பிக் கொடுத்துடுங்க. (சிரிப்பு)

நோட்டுல இடது ஓரம், வலது ஓரம், ரெண்டு பக்கமும் சாய்வா அஞ்சு கோடு மேடா இருக்கும். கண் தெரியாதவங்களுக்காக வச்சது. 100 ரூபாய்ல நாலு கோடு. 200 ரூபாய்ல நாலு கோடும் நடுவுல ரெண்டு வட்டமும். காந்தி படமும் அசோகத் தூணும் விரலுக்குச் சொரசொரன்னு தட்டுப்படும். அது சாதாரண அச்சு இல்ல. தகட்டுல பள்ளம் வெட்டி, அதுல மையை நிரப்பி, தாளை அழுத்தி எடுக்கிற அச்சு. அதனாலதான் மை மேடா நிக்குது. தாளும் மரக்கூழ்த் தாள் இல்ல, பருத்தி. அதனாலதான் நம்ம வீட்டம்மா சட்டையோட துவைச்சாலும் நோட்டு பிழைச்சு வருது! (சிரிப்பு)

அளவு பாருங்க. இப்ப இருக்கிற 500 ரூபாய் நோட்டு 150 மில்லிமீட்டர் நீளம், 66 மில்லிமீட்டர் அகலம். 200 ரூபாய் 146, 100 ரூபாய் 142. ஒண்ணுமேல ஒண்ணு வச்சாலே தெரியும். அப்புறம் நோட்டைச் சாய்ச்சுப் பாருங்க. நடுவுல ஓடற இழை பச்சையிலிருந்து நீலமா மாறும். வலது பக்கம் கீழே இருக்கிற 500-ங்கிற எண்ணும் அப்படியே மாறும். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா வெள்ளைப் பகுதியில காந்தி நிழலாத் தெரிவார், பக்கத்துல 500-னு தெரியும். வரிசை எண் சின்ன எழுத்துல ஆரம்பிச்சுப் போகப்போகப் பெரிசாகும். பின்பக்கம் செங்கோட்டை. அங்கேயே ஒரு கட்டத்துல 15 மொழி இருக்கும். அதுல தமிழும் உண்டு. ‘ஐந்நூறு ரூபாய்’. நம்ம எழுத்து நம்ம நோட்டுல இருக்கு, எத்தனை பேர் தேடிப் படிச்சிருக்கோம்?

ஒரு எச்சரிக்கை. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில ‘மணி’ன்னு ஒரு செயலி கொண்டுவந்தது. பார்வை இல்லாதவங்களுக்கு, இது எத்தனை ரூபாய் நோட்டுன்னு போன் வாயால சொல்லும். நல்ல விஷயம். ஆனா அது நல்ல நோட்டா கள்ள நோட்டான்னு சொல்லாது. உலகத்துக்கே செல்போன் செஞ்சு அனுப்பற ஊர்ப்பக்கம் நம்மளுது. ஆனா இந்த விஷயத்துல போனைவிட விரல் பெரிசு.

இன்னொண்ணு, வங்கியில கள்ள நோட்டு வந்தா என்ன நடக்கும்? பல பேருக்கு பயம். நோட்டை முத்திரை குத்தி எடுத்துக்குவாங்க, ரசீது கொடுப்பாங்க, நோட்டைத் திருப்பித் தரமாட்டாங்க, மாத்தும் தரமாட்டாங்க. ஒரே தடவையில நாலு வரைக்கும் இருந்தா மாசக் கடைசியில மொத்தமாப் போலீசுக்கு அறிக்கை போகும். அஞ்சும் அதுக்கு மேலயும் இருந்தா வழக்குப் பதிய எழுதுவாங்க. தெரியாம வாங்கினவன் குற்றவாளி இல்ல. சட்டம் கேக்கிறது ஒண்ணுதான்: தெரிஞ்சு செஞ்சியா?

இந்த ‘தெரிஞ்சு’ங்கிற வார்த்தைதான் நடுவர் அவர்களே, இந்தப் பட்டிமன்றத்தோட உயிர்.

எல்லாரும் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க. கையில ஒரு கிழிஞ்ச நோட்டு வந்தா என்ன பண்றோம்? பஸ்ல கூட்டத்துல கண்டக்டர்கிட்ட நைசாத் தள்ளிவிடறோம். ராத்திரி பெட்ரோல் பங்க்ல மடிச்சுக் கொடுக்கறோம். ‘எனக்கும் இப்படித்தான் ஒருத்தன் கொடுத்தான்’னு நியாயம் வேற. அந்த இட்லிக்காரம்மாகிட்ட கொடுத்தவன் சினிமாக் கம்பெனிக்காரனா இருப்பான்னு நினைக்கிறீங்களா? எனக்கு அப்படித் தோணல. அவன்கிட்ட எவனோ தள்ளியிருப்பான். பகல்ல பார்த்திருப்பான், திக்குனு இருந்திருக்கும். 500 ரூபாயை இழக்க மனசு வந்திருக்காது. ‘யாருக்குப் படிக்கத் தெரியாது, எங்கே இருட்டா இருக்கும்’னு யோசிச்சிருப்பான். அந்த யோசனை வந்த நிமிஷத்துலதான், அதுவரைக்கும் வெறும் தாளா இருந்தது பொய் நோட்டா மாறுச்சு. செட்டுல அது சாமான். அவன் கையில அது களவு.

2023-ல வந்த ‘ஃபர்ஸி’ தொடர் பார்த்திருப்பீங்க. ஓவியம் வரையற ஒரு பையன், கஷ்டம் தாங்காம 500 ரூபாய் நோட்டு அடிக்க ஆரம்பிக்கிறான். துரத்தற அதிகாரியா நம்ம விஜய் சேதுபதி. அதைப் பார்த்துட்டுப் பையன்கள் கெட்டுப் போறாங்கன்னு எதிரணி சொன்னாங்க. நான் அதுல பார்த்தது வேற. ஒரு நோட்டை நல்ல நோட்டு மாதிரி ஆக்க அவன் எவ்வளவு பாடுபடறான், ஒவ்வொரு அடையாளமா எப்படித் திணறறான்னு காட்டறாங்களே, அது அத்தனையும் நமக்குப் பாடம். திருடன் எதுக்குப் பயப்படறானோ, அதைத்தான் நாம கவனிக்கணும்.

சினிமாவைத் திட்டறவங்களுக்கு இன்னொரு கணக்கு. 2016 நவம்பர் 8, ராத்திரி 8 மணி. டிவியிலே பிரதமர் வந்தார். 500, 1000 செல்லாதுன்னார். அன்னைக்கு ராத்திரி நம்ம வீட்டு அரிசிப் பானையில இருந்தது எல்லாம் டம்மி நோட்டாயிடுச்சு! 2017-ல ஒரு சட்டம். அந்தப் பழைய நோட்டு பத்துக்கு மேல வச்சிருந்தா குற்றம். ஆராய்ச்சிக்கு, நாணயச் சேகரிப்புக்குன்னா 25 வரைக்கும். அபராதம் 10,000 ரூபாய், இல்ல நோட்டு மதிப்பைப் போல அஞ்சு மடங்கு, எது அதிகமோ அது. ஆகவே இன்னைக்கு ஒருத்தர் 2010-ல நடக்கிற கதையைப் படமா எடுத்தா, நிஜமா இருந்த பழைய நோட்டைக் கட்டுக்கட்டாக் காட்ட முடியாது. அதுக்கும் டம்மிதான் அடிக்கணும். நிஜம் பொய்யாச்சு, பொய்தான் நிஜத்துக்கு ஞாபகார்த்தம்!

இது புதுசும் இல்ல. இதே வடக்குப்பட்டுல 2022-ல இந்தியத் தொல்லியல் துறை தோண்டினாங்களே, ஞாபகம் இருக்கா? கற்கருவியும் கிடைச்சது, ரோமாபுரி மதுச்சாடியோட உடைஞ்ச ஓடும் கிடைச்சது. அந்த ரோமாபுரி வியாபாரத்துல தங்கக்காசு வந்தது. காசு வந்தா போலி வராம இருக்குமா? ரோமானியக் காசைப் பார்த்து இங்கேயே அடிச்ச காசுகள் தென்னாட்டுல கிடைச்சிருக்கு. 1898-ல புதுக்கோட்டைப் பக்கம் கிடைச்ச புதையல்ல 501 ரோமானியத் தங்கக்காசு, அதுல பெரும்பாலானதுல ராஜா முகத்து மேல உளியால வெட்டு! அந்தப் போலிக் காசுகள்ல பலதுக்கு ஓட்டை போட்டு, வளையம் வச்சுக் கழுத்துல மாட்டிக்கிட்டாங்க. இன்னைக்கும் நம்ம பெண்கள் போடற காசுமாலையில இருக்கிறது கடையில செல்லற காசா? இல்ல. காசு மாதிரி. யாரையாவது ஏமாத்துதா? இல்ல. ஏன்னா அது கழுத்துல இருக்கு, கல்லாப்பெட்டிக்குப் போகல. பொய் இருக்க வேண்டிய இடத்துல இருந்தா அழகு. இடம் மாறினா குற்றம். (கைதட்டல்)

மணி அடிச்சிட்டாங்க. முடிச்சுடறேன்.

அந்த ஆயா என்ன பண்ணாங்கன்னு சொல்லிட்டு உட்கார்றேன். “சரி விடு சார், பேரன் வெளாடட்டும்”னு நோட்டை மடிச்சாங்க. நான் வேண்டாம்னேன். “பேரன் விளையாடி, ரோட்டுல போட்டு, வேற யாராவது எடுத்து, இன்னொரு இட்லிக் கடைக்குப் போகும் ஆயா.” ஒரு நிமிஷம் யோசிச்சாங்க. அந்தக் கடைத்தெருவுலயே இருட்டினப்புறம் அதைத் தள்ளிவிட அவங்களுக்கு எத்தனை வழி தெரிஞ்சிருக்கும்! பறிகொடுத்தவங்க அவங்க. நியாயம் பேசினா அவங்க பக்கம் பேசலாம். ஆனா நோட்டை நாலாக் கிழிச்சு, என் மேஜைக்குக் கீழே இருந்த கூடையில போட்டாங்க. அப்புறம் நல்ல நோட்டை இன்னொரு தடவை கேட்டு வாங்கி, கண்ணை மூடி, ஓரத்தைத் தடவி, “அஞ்சு”ன்னாங்க. திருப்பிக் கொடுத்துட்டுப் போயிட்டாங்க.

500 ரூபாய் நஷ்டப்பட்டவங்க, அடுத்தவங்களுக்கு 500 ரூபாய் மிச்சப்படுத்திட்டுப் போனாங்க. ஆங்கிலத்துல எழுதின எச்சரிக்கையை அவங்க படிக்கல. ஆனா அந்த எச்சரிக்கை சொல்ல வந்ததை, படிச்ச நம்மைவிட அவங்கதான் சரியாச் செஞ்சாங்க.

சினிமாக்காரங்களுக்கு இந்த மேடையிலிருந்து ஒரு வேண்டுகோள். டம்மி நோட்டு அடிங்க, வேண்டாம்னு சொல்லல. அளவை மாத்துங்க, கலரை மாத்துங்க, எழுதற வரியைத் தமிழ்லயும் பெரிசா எழுதுங்க. படப்பிடிப்பு முடிஞ்ச அன்னைக்கே எண்ணி வாங்கி எரிச்சிடுங்க. மக்களுக்கு ஒரு வேண்டுகோள். கையில வர்ற நோட்டை ஒரு நொடி தடவிப் பாருங்க. பொய்யின்னு தெரிஞ்சா அது உங்களோட நிக்கட்டும்.

திரை காட்டறது பொய்தான் நடுவர் அவர்களே. ஆனா பொய்யின்னு சொல்லிட்டுக் காட்டற பொய். அது எச்சரிக்கையே, எச்சரிக்கையே!